வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம், கட்டளை?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 8, 2024

எனக்கு 46 வயது. கல்லூரி நாட்களில் ஒரு கன்வென்ஷனில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அப்போது அவர் கேட்டதெல்லாம் தெளிவாக இருந்தது. சிகரெட்டை விடு, விட்டேன். ஹாஸ்டலில் ஏமாற்றி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு, கொடுத்தேன். வரதட்சணை வாங்காதே, வீட்டில் பெரிய சண்டை போட்டு வாங்காமல் கல்யாணம் கட்டினேன். அதற்கப்புறம் பல வருஷமாக அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆலயம், ஜெபம், வேதவாசிப்பு எல்லாம் நடக்கிறது. நேற்று உடன்படிக்கை ஆராதனை முடிந்து வழக்கம்போல், வருஷத்துக்கு ஒரு வேதவசனம் என்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை எடுத்தேன். கர்த்தர் எனக்கு என்ன தருவார் என்று அதில் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிலும் இல்லை. கீழ்ப்படியப் புதிதாக ஒன்றும் இல்லாதவன் கடைசிவரை கீழ்ப்படிவது எப்படி?

ஜனவரி 8, இரவு

நேற்று நானும் உடன்படிக்கை ஆராதனையில்தான் இருந்தேன், திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில். உங்கள் கேள்வியைப் படித்ததும் அட்டையை வைத்துவிட்டு ஆராதனை முறைமையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த ஆராதனை நமக்கு மெதடிஸ்டுகள் வழியாக வந்தது. ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் அதை முதலில் நடத்தினார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது மெதடிஸ்டுகளும் சேர்ந்ததால், ஆங்கிலிக்கன் வழியில் வந்த நாமும் வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஜெபத்தைச் சொல்கிறோம். நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன். என்னை உமக்காக வேலையில் வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்பதுதான் அதன் சாரம். நேற்று காலையில் நீங்களும் இதை வாயால் சொல்லியிருக்கிறீர்கள். அட்டையில் கட்டளை இல்லை என்கிறீர்கள். அட்டை கைக்கு வருவதற்கு முன்பே கட்டளைக்குச் சம்மதம் சொல்லிவிட்டோம்.

ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். வரதட்சணை வாங்காதே என்று சொன்னவர் எப்போதாவது அதை வாபஸ் வாங்கினாரா? உங்களுக்கு மகன் இருக்கிறானா?

ஜனவரி 9

நேற்று சுருக்கமாக நிறுத்திவிட்டேன். இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நாளாகமப் புத்தகங்களைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஆரம்பத்தில் கீழ்ப்படிந்து பிற்பாதியில் கெட்ட யூதா ராஜாக்கள் அங்கே வரிசையாக நிற்கிறார்கள்.

யோவாஸ் ஏழு வயதில் ராஜாவானான். ஆசாரியனாகிய யோய்தா உயிரோடிருந்த நாளெல்லாம் நன்றாகவே செய்தான், ஆலயத்தைப் பழுதுபார்த்தான். யோய்தா 130 வயதில் மரித்தார். அப்புறம் பிரபுக்கள் வந்து பணிந்தார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டான். கடைசியில் யோய்தாவின் மகன் சகரியாவையே ஆலயப் பிராகாரத்தில் கல்லெறிந்து கொல்ல வைத்தான். உசியா பதினாறு வயதில் வந்தவன், 52 வருஷம் ஆண்டான். அவன் பலப்பட்டபோது மனம் மேட்டிமையானது என்று வேதம் சொல்கிறது. பலவீனனாக இருந்தவரை அவனுக்கு ஆபத்து இல்லை.

என்னை அதிகம் உலுக்குகிறவன் ஆசா. இளம் வயதில் அவன் செய்தது சாதாரணமா? விக்கிரகம் செய்ததற்காக மாகாளை ராஜாத்தியாய் இராதபடி விலக்கினான். சொந்தக் குடும்பத்து மூத்த பெண்மணி! எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடு வந்தபோது, பலமுள்ளவனுக்கும் பலனற்றவனுக்கும் உதவிசெய்வது உமக்கு லேசான காரியம் என்று ஜெபித்தான், ஜெயித்தான். தன் 36ஆம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜா பாஷா, ராமா என்ற ஊரைக் கட்டி வழியை அடைத்தபோது என்ன செய்தான்? ஆலயத்துப் பொக்கிஷத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் எடுத்து சீரியாவின் ராஜா பெனாதாத்துக்கு அனுப்பினான்.

அது பலித்தது என்பதுதான் இதில் பயங்கரம். பெனாதாத் வந்தான், பாஷா வேலையை விட்டான், ராமாவில் கிடந்த கல்லையும் மரத்தையும் கொண்டுவந்து ஆசா தனக்கு இரண்டு ஊர் கட்டிக்கொண்டான். விடை சரியாக வந்த கணக்கில் வழி தவறு என்று சிவப்பு மையில் எழுதினால் பிள்ளைகளுக்கு வரும் கோபத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். ஞானதிருஷ்டிக்காரன் அனானி வந்து வழியைக் குறைசொன்னபோது ஆசாவுக்கும் அதே கோபம் வந்தது. அனானியைக் காவலறையில் போட்டான். 39ஆம் வருஷத்தில் காலில் வியாதி வந்தது, அப்போதும் கர்த்தரைத் தேடவில்லை. 41ஆம் வருஷத்தில் மரித்தான்.

ஆசாவுக்குப் புதுக் கட்டளை ஒன்றும் வரவில்லை. சேராவின் நாளில் செய்ததையே பாஷாவின் நாளிலும் செய்ய வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவனுக்குப் பணம் சேர்ந்திருந்தது, அனுபவம் சேர்ந்திருந்தது, யாருக்கு ஆள் அனுப்பினால் காரியம் நடக்கும் என்பது தெரிந்திருந்தது. 46 வயதில் நமக்கும் இதெல்லாம் தெரியும்.

ஜனவரி 10

நாகர்கோவில் அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. 1 இராஜாக்கள் 15ஆம் அதிகாரத்தில் ஆசாவின் இருதயம் அவன் நாட்களிலெல்லாம் கர்த்தரோடே இணங்கியிருந்தது என்று இருக்கிறதே, அவனை எப்படிக் கெட்டவர்கள் வரிசையில் வைக்கிறாய் என்கிறார்.

இரண்டையும் சேர்த்து ஒரு வழியாகச் சரிக்கட்ட நான் முயலப்போவதில்லை. இராஜாக்களின் புத்தகம் விக்கிரக விஷயத்தை வைத்து ஒரு ஆயுசு முழுவதையும் நிறுக்கிறது. அங்கே ஆசா கடைசிவரை அசையவில்லை. நாளாகமம் யாரைச் சார்ந்தான் என்று கேட்கிறது. ஒரே மனிதன் ஒரு காரியத்தில் கடைசிவரை நிற்கவும், வேறொன்றில் பாதியில் உட்கார்ந்துவிடவும் முடியும் என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறேன். சிகரெட்டை விட்டவர்கள் திரும்பத் தொடவே மாட்டார்கள், ஆனால் அண்ணன் தம்பியோடு பேச மாட்டார்கள். நம் ஊரில் இது எத்தனை வீட்டில்!

அண்ணன் சொன்னதில் எனக்கு ஆறுதலும் உண்டு. கடைசி ஐந்து வருஷத்தை வைத்து முதல் முப்பத்தைந்தைக் கர்த்தர் அழித்துவிடவில்லை.

ஜனவரி 12

கட்டளை அட்டை அடித்தால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று கோயம்புத்தூர் தம்பி எழுதியதைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். பேரன் உடனே நோட்டுத் தாளைக் கிழித்து நாலு அட்டை எழுதிவிட்டான். எனக்கு வந்தது, “உன் வாய்க்குக் காவல்வை.” அவன் அம்மா அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். அவளுக்காக ஒட்டினாளா எனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

வாக்குத்தத்தம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பல வருஷம் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டே கடந்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் அட்டையில் உள்ள வசனத்துக்கு முந்தின வசனத்தையும் பிந்தின வசனத்தையும் வாசியுங்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு கட்டளை உட்கார்ந்திருக்கும்.

ஜனவரி 13

மோசேயைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். வனாந்தரத்தில் ஜனங்களுக்குத் தண்ணீர் இல்லாதபோது, ரெவிதீமில், ஓரேபின் கன்மலையண்டை, கன்மலையை அடி என்றார் கர்த்தர். அடித்தார், தண்ணீர் வந்தது. காதேசில் கன்மலையைப் பார்த்துப் பேசுங்கள் என்றார். மோசே இரண்டுதரம் அடித்தார், தண்ணீர் அப்போதும் வந்தது. ஜனங்களும் மிருகங்களும் குடித்தார்கள். அதே நாளில் கானானுக்குள் போக முடியாது என்ற தீர்ப்பும் வந்தது.

தண்டனை அதிகம் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. முன்பு அடித்தபோது கீழ்ப்படிதலாக இருந்த அதே கோல், அதே கை. காதேசில் மோசே சொன்ன வார்த்தையைப் பாருங்கள்: உங்களுக்கு இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ என்கிறார். “நாங்கள்” எப்போது உள்ளே நுழைந்தது? நாற்பது வருஷப் பழக்கத்தில் நுழைந்திருக்கும். ஊழியத்தில் ரொம்ப நாள் இருப்பவர்கள் இந்த அதிகாரத்தை வருஷத்துக்கு ஒருதரமாவது மெதுவாக வாசிக்க வேண்டும். ஞாயிறுப் பள்ளி எடுக்கிற என்னைப் போன்றவர்களும்தான்.

ஜனவரி 21, ஞாயிறு

பொதுவாகவே பேசிக்கொண்டிருக்கிறேன், என் விஷயத்தையும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் என் கணவருடைய அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். பாகப்பிரிவினை முடிந்து சில வருஷம் கழித்து அவர்கள் கட்டினார்கள். எங்கள் பக்கம் ஒன்றரை அடி உள்ளே வந்துவிட்டது. பின்பக்கம் போனால் ஒன்றரை அடி, முன்பக்கம் இன்னும் கொஞ்சம் கூட. அளந்து பார்த்தோம். மனு கொடுத்தோம். பேச்சு நின்றது. ஒரே ஆலயம், பெண்கள் பக்கத்தில் என் ஓரகத்தி எனக்கு முந்தின பெஞ்சு. நம் திருவிருந்து முறைமையில் சமாதானம் கொடுக்கும் இடம் வரும். குருவானவர் கையிலிருந்து ஆரம்பித்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்துகொண்டே இருக்கும். அக்கா திரும்புவார்கள். இரண்டு கையையும் நீட்டுவேன், அவர்களும் நீட்டுவார்கள். கண் மட்டும் ஆல்டருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார்க்கும். இப்படிப் பல வருஷம்.

1 கொரிந்தியர் 6இல் பவுல் கேட்கிறார்: நீங்கள் ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது? எனக்கு அந்த வசனம் தெரியும். வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து காலத்தில் அதை வாசிக்கும்போது அது என்னை விடவில்லை. என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மனுவை நீயே போய்த் திருப்பி வாங்கிட்டு வா, எனக்கு அந்த ஆபீஸ் படி ஏற முடியாது” என்றார். வாங்கிவிட்டு வரும் வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். சாயங்காலம். அக்கா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சுவரைப் பற்றி இனி எங்களிடமிருந்து பேச்சு வராது என்றேன். அக்கா கீரையிலிருந்து நிமிரவில்லை. “சரி” என்றார்கள். உள்ளே குக்கர் விசிலடித்தது, எழுந்து போனார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழவில்லை. சாட்சிக் கூட்டத்தில் சொல்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. அடுத்த திருவிருந்திலும் அக்கா கண் ஜன்னலைத்தான் பார்த்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கேள்வி கேட்ட சகோதரர் தன் இளம் வயதுக் கீழ்ப்படிதலைச் சொல்லும்போது ஒவ்வொன்றும் செய்தேன், முடிந்தது என்று வருகிறது. இந்தச் சுவர் விஷயத்தில் எனக்கு முடியவே இல்லை. மழை பெய்து அந்தச் சுவரோரம் தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு ஐப்பசியிலும் அதே கட்டளைக்கு நான் மறுபடி சம்மதிக்க வேண்டியிருக்கிறது. ஏழெழுபதுதரம் என்று ஆண்டவர் பேதுருவிடம் சொன்னது ஒரே ஆளைப் பற்றித்தானே.

பிப்ரவரி 2

இதெல்லாம் கிரியையினால், அதாவது நம் செயல்களால், இரட்சிப்பு என்ற உபதேசம் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்ற எபேசியர் 2:8ஐ நானும் அப்படியே விசுவாசிக்கிறேன். நற்கிரியைகளைச் செய்யச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற பத்தாம் வசனம் வரை வாசியுங்கள், அவ்வளவுதான். நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள் என்றவர் அன்பைத்தான் முதலில் சொன்னார். மனுவைத் திருப்பி வாங்கியதால் எனக்குப் பரலோகத்தில் இடம் கூடவில்லை. இடம் ஏற்கனவே கிடைத்தவள் ஒன்றரை அடிக்காக உயிரை விட வேண்டாமே.

இதே விஷயத்தில் எனக்கு வேறு பயம் உண்டு. “கர்த்தர் எனக்குச் சொன்னார்” என்று இன்னொருவர் வந்து நமக்குக் கட்டளை கொடுக்கிற வழக்கம். 1 இராஜாக்கள் 13ஐ எடுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனுக்குத் தெளிவான கட்டளை: அங்கே அப்பம் புசியாதே, தண்ணீர் குடியாதே, வந்த வழியாய்த் திரும்பாதே. ராஜா யெரொபெயாம் விருந்துக்குக் கூப்பிட்டான், பாதி வீடு கொடுத்தாலும் வரமாட்டேன் என்றார். பெத்தேலில் இருந்த கிழத் தீர்க்கதரிசி, நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் எனக்குச் சொன்னான் என்று பொய் சொன்னான். நம்பிப் போய்ச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது.

ராஜாவை எதிர்த்து நின்றவர் ஒரு முதியவரின் ஆவிக்குரிய பேச்சுக்கு முன்னால் நிற்கவில்லை. இன்று யாரைக் கல்யாணம் செய்ய வேண்டும், எந்த வேலையை விட வேண்டும், நகையை எங்கே கழற்றிப் போட வேண்டும் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் ஏராளம். எழுதப்பட்ட வசனத்தில் உங்களுக்கு ஏற்கனவே தெளிவாக இருக்கும் ஒன்றை யாருடைய தரிசனமும் மாற்ற முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி ஒருவருடைய வார்த்தைக்குக் “கீழ்ப்படிந்து” நர்ஸ் வேலையை விட்டாள். அவள் குடும்பம் இன்னும் அதன் கடனில் இருக்கிறது. கீழ்ப்படிதல் என்ற தலைப்பில் எழுதுகிறவள் இதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

பிப்ரவரி 15

நேற்று சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் ஒரு சகோதரியின் நீண்ட பதிவு. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போ, அதுதான் கீழ்ப்படிதல் என்று அவருக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் யார் என்று இங்கே பேச வேண்டாம்.

அம்மா, போகாதீர்கள். நான் இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். எபேசியர் 5இல் மனைவிகளுக்குச் சொல்வதற்கு முந்தின வசனம், தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்பது. கணவனுக்கு அங்கே கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததைத்தான் அளவாக வைத்திருக்கிறது. கை ஓங்குகிறவன் அந்த அதிகாரத்தை உங்கள் முன் வாசிக்கவே தகுதியில்லாதவன். அபிகாயிலைப் பாருங்கள். கணவன் நாபாலிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பமும் திராட்சரசமும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, அவனைப் பழிவாங்க வந்த தாவீதுக்கு எதிரே போனாள். வேதம் அவளைக் குறை சொல்லவில்லை, புத்திசாலி என்கிறது. எகிப்தில் சிப்பிராளும் பூவாளும் பார்வோனின் கட்டளையை மீறி ஆண்பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மைசெய்தார் என்று யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தேவனுக்குக் கீழ்ப்படிந்த பெண்கள் இவர்கள். மனுஷனுக்கு இல்லை.

என் சுவர்க் கதையை வாசித்துவிட்டுப் “பொறுத்துப் போ” என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என் பெயரிலேயே சொல்லுங்கள். நான் விட்டது மண். யாரும் யாரையும் உங்கள் உடம்பை விடச் சொல்ல முடியாது. உங்கள் ஊரில் பெண்கள் உதவி எண் 181. கூப்பிடுங்கள்.

பிப்ரவரி 16

மேலே சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். அதிகாரத்தோடு முட்டுவது நம் சபை வரலாற்றுக்குப் புதிதில்லை. ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தது டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்பித்தான். ஆனால் அதே டேனிஷ் கோட்டையின் தளபதி அவரைப் பிடித்து நாலு மாதம்போல உள்ளே வைத்தார். ராஜா அனுப்பியதும் உண்மை, ராஜாவின் ஆள் அடைத்ததும் உண்மை. வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். தமிழில் புதிய ஏற்பாடு அந்த வேலையிலிருந்துதான் வந்தது. இதை விரிக்கப் போனால் இந்த உரையாடல் இழை வேறெங்கோ போய்விடும், நிறுத்துகிறேன்.

மார்ச் 3

கேள்வி கேட்ட சகோதரர் திரும்ப வந்து எழுதியிருப்பதில் சந்தோஷம். மகன் உண்டு, 22 வயது, உறவுக்காரர்கள் இப்போதே “பையனுக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள்” என்று பேச்செடுக்கிறார்கள் என்கிறார். தனக்கு வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது, மகனுக்கு வேண்டாம் என்று மனைவியிடம் சொல்ல நாக்கு வரவில்லை என்கிறார். நீங்கள் தேடிய கட்டளை வந்துவிட்டது, சகோதரரே. பழைய கட்டளைதான், விலை மட்டும் கூடியிருக்கிறது.

அவருடைய இரண்டாவது கேள்வி, ஒன்றும் கேட்கப்படாத வருஷங்களைப் பற்றி. எண்ணாகமம் 9இல், வனாந்தரத்தில் ஜனங்களுக்கு வழிகாட்டிய மேகம் வாசஸ்தலமாகிய கூடாரத்தின்மேல் இரண்டு நாள் தங்கினாலும், ஒரு மாதம் தங்கினாலும், ஒரு வருஷம் தங்கினாலும் ஜனங்கள் பாளயமிறங்கியே இருந்தார்கள் என்று வருகிறது. கூடாரத்தைக் கழற்றுவதும் கர்த்தருடைய கட்டளை, கழற்றாமல் இருப்பதும் கர்த்தருடைய கட்டளை என்று அந்த அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த ஒரு வருஷத்தில் என்ன செய்திருப்பார்கள்? காலையில் எழுந்து, தேவன் கொடுத்த உணவான மன்னாவைப் பொறுக்கியிருப்பார்கள். அன்றன்றைக்கு உள்ளது மட்டும், நாளைக்குச் சேர்த்து வைத்தால் பூச்சி பிடிக்கும்.

போன வாரம் களக்காடு பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது டோனாவூரில் இறங்கினோம். அங்கே வாழ்ந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி இங்கே எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரியும். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் மரிக்கும்வரை ஒருதரம்கூட அயர்லாந்துக்குத் திரும்பவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய வேலை மாறின விதம். கிராமம் கிராமமாக மாட்டுவண்டியில் போய்ச் சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார். 1901இல் கோயிலுக்குக் கொடுக்கப்பட இருந்த ஒரு சிறு பெண் தப்பி அவரிடம் வந்தாள். அடுத்து இன்னும் பிள்ளைகள், கைக்குழந்தைகள். பிரசங்கம் செய்ய வந்தவர் பாலாடையும் துணியுமாக உட்கார்ந்தார். மிஷனெரி செய்கிற வேலையா இது என்று கேட்டவர்களும் உண்டு. அதில் முப்பது வருஷம் ஓடியது. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழியில் விழுந்தார். மீதி இருந்த சுமார் இருபது வருஷமும் பெரும்பாலும் படுக்கையறைதான். எழுதினார், ஜெபித்தார், வருகிறவர்களைப் பார்த்தார்.

வண்டியில் போவதே கீழ்ப்படிதல் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் குழந்தைகள் வந்திருக்க முடியாது. குழந்தைகளைத் தூக்கி நடப்பதே கீழ்ப்படிதல் என்று நினைத்திருந்தால் அந்தப் படுக்கை அவரை முறித்திருக்கும். வேலையில் வைத்தாலும் ஒதுக்கி வைத்தாலும் என்று ஜனவரியில் வாயால் சொல்கிறோமே, இது அதுதான். கல்லறையில் கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு தொட்டியை வைத்து அதில் ‘அம்மை’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு மைனா அதில் குளித்துக்கொண்டிருந்தது. பேரன் அதைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான்.

மார்ச் 28, பெரிய வியாழன் இரவு

ஆராதனையிலிருந்து இப்போதுதான் வந்தேன். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் ஜெபித்த பகுதியை வாசித்தார்கள். இவ்வளவு வருஷம் கேட்டும் இன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது என்று ஆண்டவர் சொல்லிவிட்டு எழுந்து போய்விடவில்லை. சீஷர்களிடம் வந்தார், தூங்கிக்கொண்டிருந்தார்கள், திரும்பப் போனார். மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார் என்று மத்தேயு எழுதுகிறார். ஒரே இரவில், பாடுகளின் ஒரே பாத்திரத்துக்கு, மூன்று தரம். அவருக்கே அப்படி என்றால் என் சுவருக்கு வருஷாவருஷம் சம்மதம் சொல்ல வேண்டியிருப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று எபிரெயர் 5இல் இருப்பதை இதுவரை சிலுவைக்கு மட்டும் வைத்து வாசித்தேன். இனி இந்தத் தோட்டத்தையும் சேர்த்து வாசிப்பேன்.

சீக்கிரம் படுக்க வேண்டும், நாளை பெரிய வெள்ளி, மும்மணி ஆராதனை.

ஏப்ரல் 14

ஈஸ்டர் முடிந்து இழை அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன், சகோதரர் எழுதியிருக்கிறார். மனைவியிடம் பேசிவிட்டாராம். அழுகை, இரண்டு நாள் மௌனம், அப்புறம் மனைவியே மகனைக் கூப்பிட்டுச் சொன்னாராம். பெண் வீட்டாரிடம் இன்னும் சொல்லும் கட்டம் வரவில்லை. வரும்போது இன்னொருதரம் எல்லாரும் ஆடுவார்கள். தயாராக இருங்கள். நாங்களும் ஜெபிக்கிறோம்.

“கடைசிவரை நின்ற ஒருத்தனையாவது காட்டுங்கள், விழுந்தவர்களையே சொல்கிறீர்கள்” என்று கோயம்புத்தூர் தம்பி கேட்டிருக்கிறான். நியாயம்தான். காலேப்.

நாற்பது வயதில் மோசே அனுப்பிக் கானானை வேவுபார்க்கப் போனவன், 85 வயதில் யோசுவா முன்னால் நின்று, அன்றைக்கு இருந்த பெலன் இன்றும் இருக்கிறது, அந்த மலைநாட்டைத் தாரும் என்கிறான். நடுவில் இருந்த வருஷங்களைக் கவனி. அவன் தப்பு செய்யவில்லை, ஆனாலும் கானானுக்குள் போகப் பயந்து தப்பு செய்தவர்களோடு வனாந்தரத்தில் அலைந்தான். தன் வயதுக்காரர்களை ஒவ்வொருவராக அடக்கம்பண்ணினான். அங்கே அவன் முறுமுறுத்ததாக ஒரு வரி இல்லை. எபிரோன் கிடைத்தது, அங்கிருந்த இராட்சதரான ஏனாக்கியரைத் துரத்தினான். எல்லாரும் பிரசங்கத்தை அங்கே முடித்துவிடுவார்கள்.

நீ யோசுவா 21 வரை போ. சீட்டுப் போட்டபோது எபிரோன் பட்டணம் லேவியரின் ஒரு வம்சமான கோகாத்தியரில் ஆரோனின் புத்திரருக்கு, ஆசாரியருக்குப் போகிறது, அடைக்கலப்பட்டணமாகவும் ஆகிறது. சுற்றியிருந்த வயல்களும் கிராமங்களும் மட்டும் காலேபுக்கு. நாற்பத்தைந்து வருஷம் காத்திருந்து, கிழவனாகப் போராடி வாங்கிய ஊர்! அதைக் கொடுக்கும்போது அவன் என்ன சொன்னான் என்று எழுதப்படவில்லை. கொடுத்தான் என்பது மட்டும் தெரிகிறது. 11, 12, 13 வசனங்களை வாசித்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. நான் செவ்வாய்க்கிழமைக்கு மேல்தான் பார்ப்பேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன், கூட இருக்க ஆள் இல்லை என்று அவர்கள் மகன் வந்து கேட்டான், நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.